கூட்டும் என்பதும் கூட்டக்கூடும் என்பதும்

பிள்ளைப்பேறு வேண்டி வைத்தியரை நாடும் ஒரு பெண்ணுக்கு, அவளுடைய சூலகங்களை மூன்று மாதம், சிலவேளை ஆறு மாதம், உறங்கவைக்கும் மருந்தை முதலிற் கொடுப்பார்களாயின், கேட்போர் வியப்பர். விளைச்சலை வேண்டுவோன் வயலைத் தரிசாக விடுவானோ என்று வினவுவர். ஆயின் தரிசு விடுதலும் கமத்தொழிலின் ஒரு பகுதியே என்பதை நம் கமக்காரர் அறிவர். என்டோமெற்றியோசிஸ் என்னும் நோயுடைய பெண்களுக்குச் சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்புக்கு முன்னர் நீண்ட ஓமோன் சிகிச்சை கொடுக்கும் வழக்கம் அத்தகையதொரு நம்பிக்கையிலேயே எழுந்தது. அந்நம்பிக்கை எத்துணை உறுதியானது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

மருத்துவப் பொருளிலே தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு என்ன அலுவல் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. என்னிடம் பண்டித வகுப்பிற் பாடங்கேட்ட மாணவி ஒருவர், இப்பொழுது தாமும் ஓர் ஆசிரியை. வயது 36. மணமாகி 7 ஆண்டுகளாகின்றன. இந்நோயுடையவர். அவர் ஒருநாள் இரண்டு துண்டுப்பிரசுரங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தமிழில் அமைந்த பழைய பிரசுரத்திலே, இச்சிகிச்சை கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்றிருந்தது. ஆங்கிலத்திலமைந்த புதிய பிரசுரத்திலே, அதே சிகிச்சை அதே நோக்கத்துக்காகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றிருந்தது.

"ஐயா, இரண்டும் வைத்தியர்மார் எழுதினவைதானே. நான் எதை நம்பிறது?" என்றார்.

என்னுடன் ஒரே வாங்கில் இருந்து படித்து, இன்று வைத்தியராயிருக்கும் நண்பர் ஒருவரின் துணையோடு, இப்பொருள்பற்றி வெளிவந்த முதன்மையான ஆய்வுத் தொகுப்புக்களை நானும் அவருமாக வாசித்தோம். வாசிக்க வாசிக்க, வழக்கு முழுவதும் ஒரு வினைமுற்றிலே தங்கியிருப்பது தெரியவந்தது. ஆதலின் அஃது என் எல்லைக்குள்ளும் வந்துவிட்டது.

முதலில் நோயின் இயல்பைக் கூறுவேன். கருப்பையின் உட்புறத்தை மென்மையான ஒரு படலம் போர்த்திருக்கின்றது. மாதந்தோறும் அது தடித்து, கரு வந்து பதியாதவிடத்து உதிர்ந்து, மாதவிடாய்க் குருதியோடு வெளியேறும். இப்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்குப் புறம்பே வேர்கொள்வதே என்டோமெற்றியோசிஸ். சூலகத்தின் மேலும் வயிற்றறையின் உட்சுவரிலும் கருப்பையின் பின்புறத்திலும் அது பெரும்பாலும் காணப்படும். சிலரிடத்துக் குடலையும் சிறுநீர்ப்பையையும் பற்றும். புறத்தே வளர்ந்த அவ்விழையமும் ஓமோன்களின் ஏவலுக்குப் பணிந்து தடிக்கும், கசியும். ஆயின் கசிந்த குருதிக்கு வெளியேற வழியில்லை. நின்ற இடத்திலே அழற்சியை மூட்டும். வடுக்களை உண்டாக்கி, உறுப்புக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். சூலகத்தினுள்ளே தங்கிய பழங்குருதி கரிய கூழ்போலத் திரண்டு கட்டியாகும்போது அதனைச் 'சொக்கிலேற் கட்டி' என்பர். குழந்தைகள் விரும்பும் தின்பண்டத்தின் பெயரை இத்துணைக் கொடிய பொருளுக்கு இட்டவர் யாரோ!

இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களிற் பத்துப்பேரில் ஒருவருக்கு, அஃதாவது உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகின்றது. அவர்கள் எல்லோரும் பிள்ளையற்றவர்கள் அல்லர். பலர் எச்சிகிச்சையுமின்றியே தாயாகின்றனர். எனினும் கருத்தரிப்புத் தடைப்படுவதற்கு இந்நோய் ஒரு முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை. நோய் தொடங்கி அது இன்னதென்று அறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்பதும் எல்லா நாடுகளிலும் கேட்கப்படும் முறைப்பாடு. மாதவிடாய் வலி பெண்ணாய்ப் பிறந்தார்க்கு இயல்பென்று தாயும் சொல்லி, ஆசிரியையும் சொல்லி, வைத்தியரும் சொன்னால், அப்பெண் வேறு யாரிடம் போவாள்?

நோய்க்குக் காரணம் இன்னும் முழுவதும் துலங்கவில்லை. அமெரிக்காவில் அல்பனி நகரில் வாழ்ந்த ஜோன் சாம்ப்சன் என்னும் வைத்தியர், மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி பலோப்பியன் குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுகின்றதென்றும், அதிலுள்ள கலங்கள் அங்கே முளைகொள்கின்றனவென்றும் 1927 இல் எழுதினார். அக்கொள்கை இன்றும் முதலிடம் பெறுகின்றது. ஆயின் பின்னோக்கிய ஓட்டம் பெரும்பாலான பெண்களிடத்தும் நிகழ்கின்றது. நோயோ சிலரையே பற்றுகின்றது. ஆகவே விதை மாத்திரம் போதாது, நிலத்திலும் ஏதோ வேறுபாடு இருத்தல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

நோயின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். கருப்பை அகப்படலம் புறத்தே வளர்தல் என்று பொருள் விரித்துச் சொல்லலாமேயன்றி, எல்லாரும் ஏற்ற ஒரு சொல் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நம்மவர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மகப்பேற்று மருத்துவத்தையும் தமிழ் நூலாக ஆக்குவித்தார். அவர் காலத்தில் இந்நோய்க்கு ஆங்கிலத்திலேயே இப்பெயர் வழங்கவில்லை. பெயரில்லாத நோய்க்கு ஊரார் வேறு பெயர் வைத்துவிடுகின்றனர். 'மலடி' என்பது அப்பெயர். அகராதிகள் மலடன் என்னும் ஆண்பாற் சொல்லையும் அறியும். ஊர்வாயில் அச்சொல் வழங்க நான் கேட்டதில்லை. பிள்ளையின்மைக்கு ஆணிடத்துள்ள குறையும் பெருந்தொகையான தம்பதியரிடத்துக் காரணமாகின்றது என மருத்துவம் கண்டிருந்தும், சொல்லின் பாரம் ஒரு பாலின் மேலேயே கிடக்கின்றது. நிற்க.

சூலகங்களை உறங்கவைக்கும் மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது? மூளையின் அடியிலே பரிவகக்கீழ் என்னும் பகுதி உண்டு. அது சுரக்கும் ஓமோன், அதன் கீழேயுள்ள கபச்சுரப்பியை ஏவும். கபச்சுரப்பி சூலகத்தை ஏவும். சூலகம் ஈஸ்திரசனைச் சுரந்து, முட்டையை முதிர்விக்கும். ஏவல் தொடங்கும் அம்முதல் ஓமோன், பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரடு. அதன் அமைப்பு 1971 இல் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கான பன்றிகளின் மூளைகளிலிருந்தும் செம்மறிகளின் மூளைகளிலிருந்தும் அதனைத் தனித்தனியே பிரித்தெடுக்கப் போட்டியிட்ட அன்ட்ரூ ஷாலியும் றொஜர் கில்லமினும் 1977 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அவ்வோமோனின் ஒரு விசேடத்தை 1978 இல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஏர்ணஸ்ட் நொபில் என்பாரும் அவர் குழுவினரும் குரங்குகளில் ஆராய்ந்து காட்டினர். மணிக்கொருமுறை சிறுசிறு துளியாக அதனைச் செலுத்தியபோது கபச்சுரப்பி ஒழுங்காக வேலைசெய்தது. இடைவிடாது செலுத்தியபோது அது சோர்ந்து அடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். பாடத்துக்கொருமுறை அடிக்கும் மணிக்கு மாணவர் எழுவர், இருப்பர். காலை முதல் மாலை வரை ஓயாது அடித்துக்கொண்டே இருந்தால் முதற் சிறிது நேரம் ஆரவாரம் இருக்கும், பின் எவரும் செவிகொடார். மருந்துகளான லியூப்புறோலைட், திரிப்தொரெலின், கோசெரெலின் என்பவை ஓயாது அடிக்கும் மணிகளே. மாதத்துக்கொருமுறையோ மூன்று மாதத்துக்கொருமுறையோ ஊசியாக ஏற்றப்படும் இவை, முதல் ஒன்றிரண்டு வாரம் சூலகத்தைக் கிளர்த்திப் பின் அடக்கிவிடுகின்றன. மாதவிடாய் நின்றுவிடும். ஈஸ்திரசன் குறையும். அதனை உண்டு வளர்ந்த புறவிழையம் பட்டினியால் வாடும். மருந்தை நிறுத்தினால் சூலகம் மீண்டும் விழித்தெழும்.

1978 ஆம் ஆண்டை மறுபடியும் குறிப்பிட வேண்டியிருக்கின்றது. அவ்வாண்டு யூலை 25 இல் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரில், உடலுக்குப் புறம்பே கருக்கொண்ட முதற் குழந்தை பிறந்தது. அச்சாதனைக்காக றொபேட் எட்வேர்ட்ஸ் 2010 இல் நோபெல் பரிசு பெற்றார். அதன்பின் என்டோமெற்றியோசிஸ் உடைய பெண்களும் அவ்வழியை நாடினர். அவர்களுக்கு இச்சிகிச்சை செய்வோர் இவ்வாறு எண்ணினர்: முட்டைகளை எடுக்குமுன் சில மாதங்கள் நோயை வாடவிட்டால் அழற்சி தணியும், முட்டை நல்ல சூழலில் முதிரும், கருப்பையின் உட்படலமும் கருவை ஏற்கும் பக்குவமடையும். எண்ணம் தருக்கத்துக்கு முற்றும் இசைந்தது. சோதனைக்குழாய் முறையிலே பலருக்கு இரண்டு மூன்று வாரம் இதே மருந்தைக் கொடுத்து, முட்டை அகாலத்தில் வெளிப்படாதபடி காப்பதுண்டு. அது வேறு. நான் பேசுவது மூன்று முதல் ஆறு மாதம் வரையான நீண்ட உறக்கத்தைப் பற்றி.

தருக்கத்துக்கு இசைந்தது உண்மையாயும் இருத்தல் வேண்டும் என்ற நியதியில்லை. எனவே ஆய்வு செய்தார்கள். உலகெங்கும் நிகழும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்புநோக்கும் கொக்ரேன் என்னும் அமைப்பின் தொகுப்பொன்று 2006 இல் வெளிவந்தது. மூன்று ஆய்வுகள், 165 பெண்கள். நீண்ட சிகிச்சை பெற்றோரிடத்துக் கருத்தரிப்பு நான்கு மடங்குக்கு மேல் என்றது. என் மாணவி காட்டிய தமிழ்ப் பிரசுரத்திலே 'கூட்டும்' என்ற வினைமுற்று இத்தகைய செய்தியிலிருந்து பிறந்ததாகலாம்.

இந்த 'நான்கு மடங்கு' என்பதிலேயே ஒரு மொழிச்சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'ஒட்ஸ்' என்பது வாய்ப்பு அன்று. நிகழ்ந்தோர்க்கும் நிகழாதோர்க்கும் உள்ள விகிதம் அது. 100 பெண்களில் 25 பேர் கருத்தரிப்பர் என்று வைத்துக்கொள்வோம். 25 க்கு 75, ஒன்றுக்கு மூன்று. அதனை நான்கு மடங்காக்கினால் நான்குக்கு மூன்று. ஏழு பேரில் நால்வர், 100 க்கு ஏறத்தாழ 57. இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் அவ்வளவே. இரண்டையும் 'வாய்ப்பு' என்ற ஒரு சொல்லாலே பெயர்த்தால், 25 என்பது 100 ஆகிவிடுமென்று ஏழைத் தாயொருத்தி எண்ணக்கூடும். இன்னொன்று, 'கருத்தரிப்பு' வேறு, 'பிள்ளை பிறத்தல்' வேறு. ஒலிப்படக் கருவியிற் காணும் கரு யாவும் தொட்டிலுக்கு வருவதில்லை. தம்பதியர் வேண்டுவது பின்னதை. ஆய்வுகளிற் பல எண்ணியது முன்னதை.

2013 இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க முளையவியற் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும், கருத்தரிப்பு வீதத்தைக் கூட்டும்பொருட்டு மூன்று முதல் ஆறு மாதச் சிகிச்சையை வைத்தியர் கொடுக்கலாம் என்றது. 'கொடுக்கலாம்' என்றதேயன்றிக் 'கொடுக்க வேண்டும்' என்றதில்லை. அவ்வேற்றுமையைக் காப்பாற்றிய மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேரோ அறியேன்.

2019 இல் கொக்ரேன் அமைப்பினர் மீண்டும் ஆராய்ந்தனர். இம்முறை எட்டு ஆய்வுகள், 640 பெண்கள். முன் தோன்றிய நான்கு மடங்கு மறைந்துபோயிற்று. கருத்தரிப்பைப் பற்றிக் கூறிய ஆறு ஆய்வுகளை, அவற்றில் 552 பெண்கள், ஒன்றுசேர்த்தபோது, சிகிச்சை பெறாதோர் 100 பேர் கருத்தரித்த இடத்தில் பெற்றோர் 113 பேர் என்ற அளவே கிடைத்தது. அதுவும் தற்செயலால் நிகழக்கூடிய எல்லைக்கு உட்பட்டதே. பிள்ளை பிறந்ததைப் பற்றிக் கூறியது ஒரேயோர் ஆய்வு. அதிலிருந்த பெண்கள் 147 பேர். அவர்களிலே சிகிச்சை பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளைகள் கூடவில்லை, குறைந்திருந்தன. இவ்வாதாரங்களின் உறுதி மிகமிகக் குறைவு என்றும், ஆதலால் பயன் உண்டென்றோ கேடு உண்டென்றோ துணியமுடியாதென்றும் தொகுப்பாசிரியர்கள் எழுதினார்கள். 2022 இல் ஐரோப்பியச் சங்கம் தன் வழிகாட்டியைப் புதுக்கியபோது, பயன் ஐயத்துக்குரியதாயிருத்தலின், பிள்ளைப்பேற்று வீதத்தைக் கூட்டுதற்கென இந்நீண்ட சிகிச்சையைக் கொடுத்தல் பரிந்துரைக்கப்படவில்லை என்றது.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இதிலே வியப்பொன்றும் இல்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பிக்கப் பல ஏடுகளைத் தேடி அலைந்தது எதற்காக? ஓர் ஏட்டிலே தெளிவாகக் காணும் பாடம் மற்றோர் ஏட்டிலே வேறாயிருக்கும். மூன்று ஏடுகளை வைத்துக்கொண்டு பதிப்பாசிரியன் துணிந்ததை, எட்டாம் ஏடு கிடைத்ததும் திருத்தவேண்டி வரும். முன்னர்த் துணிந்தவனைப் பொய்யனென்று எவரும் சொல்லார். ஏடுகளின் தொகை ஒன்றையே பார்த்து முடிவுசெய்தலும் தகாது. ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த ஐந்து ஏடுகள் ஓர் ஏட்டுக்கே சமம். செல்லரித்த ஏடும் முழு ஏடும் ஒரு நிறையன. ஆகா என்பது பதிப்பாசிரியர் அறிந்தது. எட்டு ஆய்வுகளைத் திரட்டியவர்களும் ஒவ்வொன்றின் தரத்தை அவ்வாறே நிறுத்துப் பார்த்தனர். நிறுத்தபின் 'தெரியவில்லை' என்று எழுதினர். அப்படி எழுதுவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே ஐயத்துக்கு விதி வகுத்திருக்கின்றார். இருளிலே தோன்றுவது கட்டையோ மனிதனோ என்று துணியாதவன், இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்லாலே அதனைச் சுட்டவேண்டும் என்பது அவர் கருத்து. மனிதன் என்று சொல்லிவிட்டால் அவன் அறியாததை அறிந்ததாகக் கூறிய குற்றம் நேரும். கட்டை என்றாலும் அதே குற்றம். 'பயன் உண்டென்று நிறுவப்படவில்லை' என்பதும் 'பயனில்லையென்று நிறுவப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. முன்னதைச் சொன்ன வழிகாட்டியைப் படித்துவிட்டுப் பின்னதைப் பரப்புவோரும் உளர். அவர்களும் பழைய பிரசுரத்தை எழுதியவர் செய்ததையே மறுபக்கமாகச் செய்கின்றனர்.

பயன் ஐயமாயிருந்தாலும் செலவு ஐயமானதன்று. ஈஸ்திரசன் குறைவதால் உடல் தீப்போலச் சுடுவதும் வியர்ப்பதும் உறக்கங் கெடுவதும் மனஞ் சோர்வதும் பலருக்கு நேர்கின்றன. ஐம்பது வயதளவில் வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் முப்பதுகளிலேயே சில மாதங்களுக்கு வந்துபோவது போன்றது அது. எலும்பின் அடர்த்தியும் குறையத் தொடங்கும். அதனைத் தடுக்கச் சிறிதளவு ஓமோனைத் திரும்பக் கொடுப்பர். இவற்றிலும் பெரிய செலவு காலம். பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் யாவும் அவளோடு பிறந்துவிடுகின்றன. புதியன உண்டாவதில்லை. முப்பதுகளின் நடுப்பகுதிக்குப்பின் அவற்றின் தொகையும் தரமும் விரைந்து குறையும். மருந்து சூலகத்தை உறங்கவைக்குமேயன்றி வயதை உறங்கவைக்காது. 28 வயதினளுக்கு ஆறு மாதம் பெரிதன்று. 36 வயதினளுக்கு, அதிலும் சூலகத்திலே கட்டியிருந்து முட்டைகள் அருகியவளுக்கு, ஆறு மாதம் சிறிதன்று.

ஆயினும் இம்மருந்துகள் வேண்டாதன என்று எவரும் எண்ணற்க. நோயின் வலியைத் தணிப்பதில் இவற்றின் பயன் ஐயமற நிறுவப்பட்டது. எழுந்து நடக்கமுடியாத வலியுடைய ஒருத்திக்கு, சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு முன் சில மாத ஆறுதல் வேண்டுமென்றால், அதற்காக இம்மருந்தைக் கொடுப்பதில் நியாயமுண்டு. அப்போது அது வலிக்குக் கொடுத்த மருந்தென்று சொல்லிக் கொடுக்கவேண்டும். பிள்ளைக்குக் கொடுத்ததென்று சொல்லலாகாது. இயல்பாகக் கருத்தரிக்க முயல்வோர்க்கு இம்மருந்து உதவாது என்பதும் வெளிப்படை. அது செயற்படும் காலத்தில் முட்டையே வெளிப்படுவதில்லை.

என் மாணவியும் நானுமாகத் தமிழ்ப் பிரசுரத்தின் அவ்வசனத்தைத் திருத்த உட்கார்ந்தோம். 'கூட்டும்' என்பதை நீக்கிக் 'கூட்டக்கூடும்' என்றெழுதலாமென முதலில் அவர் சொன்னார். அதுவும் எனக்கு அமைதி தரவில்லை. 'கூடும்' என்பதைப் படிப்போர் நம்பிக்கையின் பக்கமே சாய்த்துப் படிப்பர். மழை பெய்யக்கூடும் என்றால் குடையை எடுத்துக்கொண்டுதானே புறப்படுகின்றோம்! ஈற்றில் வசனம் இவ்வாறு அமைந்தது: 'இந்நீண்ட சிகிச்சை பிள்ளை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா, மாற்றாது விடுமா என்பது இதுவரை நடந்த ஆய்வுகளால் தெளிவாகவில்லை.' நீண்ட வசனந்தான். வைத்திய நண்பர் அதனைப் படித்துப் பார்த்து ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

பின்னர் அவர் தம்மைப் பார்க்கும் நிபுணரிடம் கேட்பதற்கெனச் சில வினாக்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். எனக்கு இம்மருந்தைத் தருவது வலிக்கா, பிள்ளைக்கா? என் சூலகத்தில் எஞ்சிய முட்டைகள் எவ்வளவு, ஆறு மாதத்தை நான் செலவிடமுடியுமா? முட்டைகளை முதலில் எடுத்துக் கருக்களை உறையவைத்துவிட்டு, மருந்து வேண்டுமாயின் அதன்பின் எடுத்தால் என்ன? கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை செய்தால் அதனோடு நல்ல முட்டைகளும் போய்விடாவா? கடைசி வினாவுக்கு விடை வழிகாட்டியிலேயே உண்டு. பிள்ளைப்பேற்று வீதத்தைக் கூட்டுவதற்கென்று மாத்திரம் அத்தகைய சத்திரசிகிச்சையை வழமையாகச் செய்யவேண்டாமென 2022 ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது. ஆனாலும் கேட்கட்டுமென்று விட்டுவிட்டேன்.

கணவரும் அவரோடு போயிருந்தார். நிபுணர் முகஞ்சுழிக்காமல் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னாராம். வலி குளிசையோடு அடங்குகின்றது, முட்டைகளின் தொகையோ வயதுக்குக் குறைவு, ஆகவே காத்திருக்க வேண்டியதில்லையென்று மூவருமாகத் தீர்மானித்தார்கள். தை மாதத்திலே சிகிச்சை தொடங்குவதற்கு நாள் குறித்திருக்கின்றது. அதற்காக அவர் பாடசாலையில் மூன்று வார விடுமுறைக்கு விண்ணப்பித்திருக்கின்றார்.